சொந்தத்துக்குள் கைமாறும் பழைய துப்பாக்கி: நியாய விலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவின் பல வீடுகளில் துப்பாக்கியும் குடும்பச் சொத்துதான். பென்சில்வேனியாவிலோ டெக்சஸிலோ மான் வேட்டைக்குப் போய்ப் பழகிய குடும்பத்தில், தாத்தாவின் ரைஃபிள் அப்பாவிடம் வரும், அப்பாவிடமிருந்து மகளுக்கோ மகனுக்கோ போகும். அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டால் விலைப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சித்தப்பா தன்னுடைய ஷாட்கன்னை அண்ணன் மகனுக்கு விற்க நினைக்கலாம். அப்பா போனபின் மூன்று பிள்ளைகளில் ஒருவர் மட்டும் அவருடைய ரைஃபிளை வைத்துக்கொண்டு, மற்ற இருவருக்கும் பங்குப் பணம் தர வேண்டி வரலாம். அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. "எவ்வளவு வேணும், சொல்லுங்க" என்கிறார் ஒருவர். "நீயே பார்த்துக் குடு" என்கிறார் மற்றவர். இருவர் மனதிலும் ஆளுக்கொரு தொகை இருக்கும். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் தெரியாதவரும் இந்த விலையைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். வெளியாளுக்கு விற்றால் என்ன விலை போகும் என்பதை முதலில் இருவரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். சொந்தம் என்பதற்காக எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அப்புறம் தனியாகப் பேசுங்கள். இரண்டையும் ஒரே தொகைக்குள் போட்டுக் கலக்கும்போதுதான், பத்து வருடம் கழித்தும் ஆறாத மனத்தாங்கல்கள் வருகின்றன.

அமெரிக்க வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ் சொத்துக் கணக்குகளில் 'நியாயமான சந்தை மதிப்பு' என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறது. விற்றே தீர வேண்டும் என்ற நெருக்கடி இல்லாத ஒருவரும், வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஒருவரும், பொருளைப் பற்றிய முக்கிய விவரங்களை இருவருமே ஓரளவு தெரிந்துகொண்டு, மனமொப்பிச் சம்மதிக்கும் விலை அது. குடும்பத்துக்குள் நடக்கும் விற்பனையில் பெரும்பாலும் இந்த நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும். சித்தப்பாவுக்கு மருத்துவமனைச் செலவுக்குப் பணம் உடனே வேண்டியிருக்கும். அண்ணன் மகனுக்கு அவர் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. நாற்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட முதல் துப்பாக்கி வாங்கும் இளைஞருக்குத் தெரியாது. இவற்றில் எது நம்மிடையே இருக்கிறது என்று தொகையைப் பேசுமுன் யோசித்துவிட்டால், பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரே துப்பாக்கி, மூன்று விலை

பழைய துப்பாக்கிக்கு ஒரே விலை என்று எதுவும் கிடையாது. கடைக்காரர் தன் அலமாரியில் வைத்து விற்கும் விலை ஒன்று. அதே கடைக்காரர் உங்களிடமிருந்து வாங்கும்போது தரும் விலை இன்னொன்று. அவருக்கு வாடகை, சம்பளம், லாபம் எல்லாம் இருப்பதால், விற்கும் விலையில் பாதியை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோதான் பொதுவாகக் கொடுப்பார். இரண்டு தனி மனிதர்கள் நேரடியாகக் கைமாற்றிக்கொள்ளும் விலை மூன்றாவது. அது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

வாக்குவாதம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. விற்பவர் முதல் விலையை நினைத்துக்கொண்டிருப்பார், வாங்குபவர் இரண்டாவதை. இருவர் சொல்வதும் உண்மையில் நிலவும் விலைதான், அதனால் இருவருமே தன் பக்கம் நியாயம் என்று நம்புவார்கள். குடும்ப விற்பனைக்கு உரியது மூன்றாவது விலை என்று முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட்டால் பேச்சு சுலபமாகும்.

அதைத் தேட இரண்டு இடங்கள் உண்டு. கன்புரோக்கர் போன்ற இணைய ஏல தளங்களில் அதே மாடல் எத்தனைக்கு விற்று முடிந்தது என்ற பட்டியல் கிடைக்கும். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், அது விற்காமல் மாதக்கணக்கில் கிடக்கலாம். ஒருவர் பணம் கொடுத்து வாங்கி முடித்த விலைதான் கணக்கு. சமீபத்தில் முடிந்த ஐந்தாறு விற்பனைகளை எடுத்து, மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு, மீதியின் நடுவைப் பாருங்கள். இன்னொரு இடம் 'புளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ்' என்ற விலைக் கையேடு. துப்பாக்கியின் மேல்பூச்சு எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்பதை வைத்து அதில் விலை போட்டிருப்பார்கள். மாடல்களை அடையாளம் காண அது நல்ல துணை. ஆனால் அச்சான நாளோடு அதன் விலைகள் நின்றுவிடும், சந்தை நிற்காது. 2020-இல் கொரோனாவும் தேர்தல் ஆண்டுப் பதற்றமும் சேர்ந்ததில் துப்பாக்கிக்குக் கடும் கிராக்கி வந்தது. துப்பாக்கி வாங்குகிறவருக்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று எஃப்.பி.ஐ நடத்தும் பின்னணிச் சோதனைகள் அந்த ஒரே ஆண்டில் 3.9 கோடியைத் தாண்டின. அந்தச் சோதனைகள் எல்லாமே விற்பனை ஆகிவிடாது என்றாலும், கிராக்கியின் அளவை அது காட்டும். அப்போது கொடுத்த விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்று விற்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சாதாரணத் துப்பாக்கியா, சேகரிப்பாளர் தேடும் துப்பாக்கியா?

ரெமிங்டன் 870 என்ற பம்ப் ஷாட்கன்னை, அதாவது குழலுக்குக் கீழே உள்ள பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கியை, எடுத்துக்கொள்வோம். 1950 வாக்கில் சந்தைக்கு வந்தது, ஒரு கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. தாத்தா வீட்டு அலமாரியில் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் இதுவாக இருக்கும். இத்தனை எண்ணிக்கையில் இருக்கும் பொருளுக்கு அபூர்வ மதிப்பு வராது. நல்ல வேலைக்காரத் துப்பாக்கி, அவ்வளவுதான். இருந்தாலும் 870-லேயே இரண்டு வகை உண்டு. விங்மாஸ்டர் என்பது பளபளப்பான கருநீல மெருகும் வால்நட் மரக் கட்டையும் (தோளில் ஊன்றிப் பிடிக்கும் பகுதி) கொண்டது. 1987-இல் குறைந்த விலைக்கென்று வந்த எக்ஸ்பிரஸ், மங்கலான பூச்சு கொண்டது. கொஞ்சம் ஈரம் பட்டாலே மேலே துரு படரும் என்று அதன்மேல் குறை சொல்வார்கள். "870 இவ்வளவுக்குப் போகுது" என்று ஒருவர் இணையத்தில் பார்த்துச் சொன்னால், எந்த 870 என்று கேளுங்கள்.

இன்னொரு பக்கம் வின்செஸ்டர் 94. ஜான் பிரவுனிங் வடிவமைத்த லீவர் ரைஃபிள், அதாவது விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றுவது. மான் வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக .30-30 தோட்டா போட்டுத் தூக்கிப்போனது. இதில் 1964 ஓர் எல்லைக்கோடு. செலவைக் குறைப்பதற்காக அந்த ஆண்டு நிறுவனம் தயாரிப்பு முறையை மாற்றியது. கடைந்து செய்த சில பாகங்களுக்குப் பதில் தகட்டில் அழுத்திச் செய்த பாகங்கள் வந்தன. பக்கவாட்டில் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: பழையதில் பாகங்களைப் பிணைக்கும் ஊசிகள் திடமான உருக்குக் கம்பிகளாக இருக்கும், மாற்றத்துக்குப் பின் வந்ததில் நடுவில் ஓட்டை உள்ள சுருட்டு ஊசிகளாக இருக்கும். வேட்டைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. அன்று தொடங்கிய அதிருப்தி இன்றுவரை விலையில் தெரிகிறது, 1964-க்கு முந்தையதற்குத் தனி மவுசு. சீரியல் நம்பரை வைத்துத் தயாரிப்பு ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். அப்பா விட்டுப்போன 94 எந்த ஆண்டுக்காரன் என்று தெரியாமல் அண்ணன் தம்பிக்குள் விலை பேசுவது, ஊர் பேர் தெரியாத நிலத்துக்கு விலை பேசுவதற்குச் சமம்.

சேகரிப்பாளர்கள் தேடும் துப்பாக்கி என்றால் ஒரு விதியை மறக்கக் கூடாது: அதைப் புதுப்பிக்காதீர்கள். நல்ல விலை கிடைக்கட்டும் என்று மெருகை உரித்து மறுபடி பூசினாலோ, கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடித்தாலோ, மதிப்பின் பெரும் பகுதி போய்விடும். அவர்களுக்கு வேண்டியது தொழிற்சாலையில் பூசிய அந்தப் பழைய பூச்சுதான், தேய்ந்திருந்தாலும் சரி. தொலைநோக்கி மாட்ட ஒரு காலத்தில் மேலே போட்ட ஓட்டைகளும், தோளில் உதை குறையட்டும் என்று கட்டையை அறுத்து ஒட்டிய ரப்பரும் விலையைக் குறைக்கவே செய்யும். மாட்டிய தொலைநோக்கிக்கும், வார்ப்பட்டைக்கும் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பாது. அவற்றைக் கழற்றித் தனியாக விலை பேசுவது நல்லது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

எடுத்ததும் முதலில் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இது விலைக்கு முந்தைய விஷயம். 870 மாதிரி பம்ப் ஷாட்கன்னில் பிடியைப் பின்னுக்கு இழுத்துத் திறந்து, குண்டு அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். குழலுக்குக் கீழே தோட்டா அடுக்கும் குழாயிலும் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். விரல் விசையின் பக்கம் போகக் கூடாது. "லோடு இல்லை, நான் அப்பவே பார்த்துட்டேன்" என்று சித்தப்பா சொன்னாலும் நீங்களும் ஒரு தடவை பாருங்கள். அதில் அவமரியாதை எதுவும் இல்லை, வேட்டைக்குப் பழகிய குடும்பங்களில் இதைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவார்கள்.

அப்புறம் வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பாருங்கள். குழலுக்குள் ஒரு சிறு விளக்கைக் காட்டினால், ரைஃபிளில் உட்சுவரின் சுழல் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். கருப்புப் புள்ளிகளும் குழிகளும் தெரிந்தால் அது உள்ளே துருப்பிடித்து அரித்த அடையாளம். வெளித் துருவைத் துடைத்துவிடலாம், இந்தக் குழிகள் போகாது. கட்டையின் மெல்லிய கழுத்துப் பகுதியில், கை பிடிக்கும் இடத்தில், முடி மாதிரி விரிசல் ஓடுகிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். திருகாணிகளின் தலைக் காடியைப் பாருங்கள். அது சிதைந்து வாய் பிளந்திருந்தால், பொருந்தாத திருப்புளியால் யாரோ பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள், உள்ளே என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், துப்பாக்கி பற்றித் தெரியாதவர் பார்க்க வேண்டிய முதல் இடமே இந்தத் திருகாணித் தலைகள்தான்.

நிலையைச் சொல்லத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தர வரிசை பரவலாகப் பழக்கத்தில் இருக்கிறது: புதிது, கச்சிதம், சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார் என்று நவீனத் துப்பாக்கிகளுக்கு ஆறு படிகள். 'மிக நன்று' என்றால் இயக்கம் குறையில்லாமல் இருக்க வேண்டும், துரு அரிப்போ குழியோ கூடாது, மேலே சிறு கீறல்கள் இருக்கலாம். 'சுமார்' என்றால் பாதுகாப்பாக வேலை செய்யும், ஆனால் நன்றாகத் தேய்ந்தது, சின்னப் பாகங்கள் மாற்ற வேண்டியிருக்கலாம். சொந்தப் பொருளை எல்லோரும் ஒரு படி உயர்த்தித்தான் சொல்வார்கள். ஆளுக்கொரு தாளில் தரத்தை எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் ஊரில் இருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம்.

மாடலுக்கே உரிய பிரச்சினைகளும் உண்டு. ரெமிங்டன் 700 ரைஃபிளில், 2006 மே முதல் 2014 ஏப்ரல் தொடக்கம்வரை செய்யப்பட்டவற்றின் எக்ஸ்-மார்க் புரோ விசையமைப்பைச் சரி செய்ய நிறுவனமே 2014-இல் திரும்பப் பெறும் அறிவிப்பு விட்டது. தொடாமலே வெடிக்கும் ஆபத்து இருந்ததுதான் காரணம். அப்படி ஒன்றை வாங்குவதாக இருந்தால், அந்த வேலை நடந்ததா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால் புது விசையமைப்பு மாட்டும் செலவை விலையில் கழிக்க வேண்டும், மாட்டும்வரை சுடக் கூடாது.

விலையே பேச முடியாத சில பொருள்களும் பரணில் கிடக்கும். குழலை 18 அங்குலத்துக்குக் குறைவாக அறுத்த ஷாட்கன், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிள் ஆகியவற்றை 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி பதிவு செய்யாமல் வைத்திருப்பதே குற்றம். சீரியல் நம்பரைச் சுரண்டி அழித்ததும் அப்படியே. ஆனால் நம்பரே இல்லாத பழைய .22 ரைஃபிளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லாத் துப்பாக்கிக்கும் நம்பர் கட்டாயமானது 1968 சட்டத்தோடுதான், அதற்கு முந்தைய மலிவு ரைஃபிள்கள் பல நம்பர் இல்லாமலே வந்தவை.

இருவருக்கும் லாபமான இடைவெளி

இப்போது விலைக்கு வருவோம். கணக்குக்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன், இவை சந்தை நிலவரம் அல்ல.

ஒரு 870, இணைய ஏலத்தில் இதே நிலையில் 400 டாலருக்கு விற்கிறது என்று வைப்போம். சித்தப்பா அங்கே விற்றால் தளத்தின் கமிஷன் 24, பெட்டி கட்டும் செலவு 16 போகக் கையில் 360 நிற்கும். அண்ணன் மகன் அங்கே வாங்கினால் 400-உடன் அனுப்பும் செலவு 40, துப்பாக்கியைப் பெற்றுச் சோதனை முடித்து அவனிடம் கொடுக்கும் கடைக்காரருக்குக் கைமாற்றுக் கட்டணம் 30, வரி 30, மொத்தம் 500 ஆகும். ஆக, வெளியாளோடு வியாபாரம் செய்தால் விற்பவருக்கு 360, வாங்குபவருக்கு 500. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 140 டாலர் இவர்கள் இருவருக்கும் சேராமல் மற்றவர்களுக்குப் போகிறது. இருவரும் நேரடியாகப் பேசினால் அந்த 140 வீட்டுக்குள்ளேயே நிற்கும். 360-க்கும் 500-க்கும் இடையில் எந்த விலை பேசினாலும், வெளியில் போவதைவிட இருவருக்குமே மேல்.

நியாய விலை என்று நான் சொல்வது இந்த இடைவெளியைத்தான். அதற்குள் எங்கே நிற்பது என்பது பேச்சுவார்த்தை. நடுவில் 430 என்று முடிக்கலாம், ஏல விலையான 400-லேயே நிற்கலாம். 360-க்குக் கீழே போனால் சித்தப்பா விட்டுக்கொடுக்கிறார், 500-க்கு மேலே போனால் பையன் விட்டுக்கொடுக்கிறான். இடைவெளி எவ்வளவு அகலம் என்பது உங்கள் மாநிலத்தைப் பொறுத்தது. சொந்தக்காரருக்கு விற்பதையும் கடைக்காரர் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்ற மாநிலத்தில் அந்தக் கைமாற்றுக் கட்டணம் மிச்சமாகாது. அதைப் பெரும்பாலும் வாங்குபவர் கொடுப்பார், அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சரி, சித்தப்பாவுக்கு அண்ணன் மகன்மேல் பிரியம், 250-க்குக் கொடுக்க ஆசைப்படுகிறார். தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் "250 குடு போதும்" என்று சொல்வதற்கும், "இது 400 போகும், 150 நான் உனக்காக விடுறேன்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதல் முறையில் பையன் அதன் மதிப்பே 250 என்று நினைப்பான். அடுத்த வருடம் 400-க்கு விற்றால், சித்தப்பாவுக்கு அவன் தன்னை ஏமாற்றியது போல் இருக்கும். இரண்டாவது முறையில் பரிசு எது, விலை எது என்று எல்லோருக்கும் தெரியும். "விற்கிறதா இருந்தா முதலில் என்கிட்ட கேளு" என்று ஒரு நிபந்தனை போடுவதும் அப்போது இயல்பாக வரும். தள்ளுபடியைவிட இந்த நிபந்தனைதான் பல குடும்பங்களில் முக்கியம். தாத்தாவின் துப்பாக்கி என்ற பாசத்துக்குச் சந்தையில் ஒரு டாலரும் கிடைக்காது. அந்தப் பாசத்தைத் தொகையில் ஏற்றாமல், இப்படி நிபந்தனையில் வைத்துக்கொள்ளலாம். வரியைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு: சந்தை விலைக்குக் குறைத்து விற்ற அந்த வித்தியாசம் சட்டப்படி அன்பளிப்புதான், ஆனால் 2025-இல் ஒருவருக்கு 19,000 டாலர்வரை கொடுப்பதைக் கணக்கில் காட்டவே தேவையில்லை.

விலை வாங்கினால் சட்டம் மாறும்

அன்பளிப்பையும் விற்பனையையும் பிரித்து வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், சில மாநிலங்களின் சட்டமே அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான். வாஷிங்டன் மாநிலத்திலும் கொலராடோவிலும் தனி மனிதர்களுக்குள் துப்பாக்கி கைமாறினாலும் பின்னணிச் சோதனை வேண்டும். நெருங்கிய குடும்பத்துக்கு விலக்கு உண்டு. சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட சகோதரர்கூட அந்தப் பட்டியலில் வருவார்கள். ஆனால் அந்த விலக்கு உண்மையான அன்பளிப்புக்கும் இரவலுக்கும்தான். காசு வாங்கிவிட்டால் அது விற்பனை, கடைக்காரரிடம் போயாக வேண்டும். கலிஃபோர்னியாவின் குடும்ப விலக்கு வேறு மாதிரி. பெற்றோர்–பிள்ளை, தாத்தா பாட்டி–பேரப்பிள்ளை என்ற நேர்கோட்டு உறவுக்குக் கிடைக்கும், அண்ணன் தம்பிக்குக் கிடைக்காது. உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் பணத்தைக் கையில் வாங்காதீர்கள்.

மாநிலம் தாண்டினால் மத்தியச் சட்டம் வரும். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, டெக்சஸில் இருக்கும் அப்பா ஒஹாயோவில் குடியிருக்கும் மகனுக்குத் தானே நேரடியாக விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. மத்திய உரிமம் பெற்ற டீலர் ஒருவர் வழியாகத்தான் போக வேண்டும், கைத்துப்பாக்கி என்றால் அவர் மகன் இருக்கும் மாநிலத்து டீலராக இருக்க வேண்டும். உயில் வழியாகவோ வாரிசுரிமையிலோ வருவதற்கு இதில் விலக்கு உண்டு. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறைக் குற்றத்தில் தீர்ப்பானவர் போன்று துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ள ஒருவர் என்று தெரிந்தும் கொடுத்தால், சொந்தம் என்பது உங்களைக் காப்பாற்றாது.

அமெரிக்கத் தமிழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்கு மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. "தம்பிதானே" என்று அண்ணன் கொடுத்துவிட்டால், தம்பியின் விசாவோடு அண்ணனும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

சொந்தத்துக்காகப் புதுத் துப்பாக்கி வாங்கித் தருவது முற்றிலும் வேறு விஷயம். வர்ஜீனியாவில் இருந்த ஒரு முன்னாள் காவலர், தனக்குத் தள்ளுபடி கிடைக்கும் என்று பென்சில்வேனியாவில் இருந்த தன் அங்கிளுக்காக ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினார். அங்கிள் முன்கூட்டியே 400 டாலருக்கு செக் அனுப்பியிருந்தார். இருவருக்குமே துப்பாக்கி வைத்திருக்கத் தடை எதுவும் இல்லை. பின்னால் பென்சில்வேனியா டீலர் வழியாக, சோதனையோடுதான் கைமாறியது. ஆனாலும் கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் உண்மையில் வாங்குவது நான்தான் என்று அவர் எழுதியது பொய் என்று, 2014-இல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தன் சொந்தக் காசில் வாங்கி மனமாரப் பரிசளிப்பதற்குத் தடையில்லை. அடுத்தவர் காசில் தன் பெயரில் வாங்குவதுதான் குற்றம்.

விலை முடிந்ததும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, இருவர் பெயர், மாடல், சீரியல் நம்பர், தொகை, இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது என்ற ஒரு வரி, இரண்டு கையெழுத்து. ஆளுக்கொரு நகல். நாளை அந்தத் துப்பாக்கி திருடுபோனாலும், போலீஸ் தேடி வந்தாலும், எப்போது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதற்கு இதுவே அத்தாட்சி. பணத்தை செக்காகக் கொடுப்பது இன்னும் நல்லது.

பிள்ளைகளுக்குள் பங்கு பிரிக்கும்போது

அப்பா விட்டுப்போனதைப் பிரிப்பதில் விலை பேசுவதைவிடச் சிரமமானது, யார் விலை சொல்வது என்பது. எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர் குறைத்துச் சொல்வார் என்று மற்றவர்களுக்குச் சந்தேகம் வரும். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் வரும். அதனால் எழுத்து மூலம் மதிப்பீடு தரும் வெளியாளிடம் போங்கள். அவர் அந்தத் துப்பாக்கிகளை வாங்க ஆசைப்படாதவராக இருக்க வேண்டும். "மதிப்புப் போட்டுத் தர்றேன், வேணும்னா நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்லும் கடைக்காரரின் மதிப்பீட்டை ஏற்காதீர்கள். மதிப்பீட்டுக் கட்டணத்தை மூவரும் பகிர்ந்துகொள்ளலாம். வரிக் கணக்குக்கும் அப்பா இறந்த நாளின் சந்தை மதிப்புதான் தேவைப்படும், அதனால் அந்தத் தாளுக்கு இரட்டைப் பயன்.

கணக்கிலும் ஒரு தடுமாற்றம் வரும். ரைஃபிளின் மதிப்பு 900 என்றால், எடுத்துக்கொள்ளும் அக்கா மற்ற இருவருக்கும் 450, 450 தருவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அக்காவுக்கும் அதில் மூன்றில் ஒரு பங்கு உண்டு. ஆக, தம்பிகளுக்கு ஆளுக்கு 300, மொத்தம் 600 தந்தால் போதும். பல துப்பாக்கிகள் இருந்தால், ஒவ்வொன்றின் மதிப்பையும் எழுதிவைத்துக்கொண்டு முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கட்டும். கடைசியில் அதிக மதிப்பு எடுத்தவர் குறைவாக எடுத்தவருக்கு வித்தியாசத்தைப் பணமாகக் கொடுக்கலாம்.

எதை எடுத்தாலும் ஒத்துவரவில்லை, மதிப்பீட்டையும் ஒருவர் நம்பவில்லை என்றால், டீலரிடம் கமிஷனுக்கு விற்கக் கொடுத்துவிடலாம். விற்ற விலையில் அவருடைய சதவீதத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். கொடுக்குமுன் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: வெளியாள் ஒருவர் உறுதியாக ஒரு விலைக்குக் கேட்டால், அந்த விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளப் பிள்ளைகளில் யாருக்காவது ஒரு வாரம் அவகாசம் உண்டு என்று டீலரிடம் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.